கருவியும் கடனும்

நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் கருவிகளைப் பற்றிப் பேசுவது சற்றுக் கௌரவக் குறைவான காரியம். படிமம், வடிவம், பிரக்ஞை என்று மணிக்கணக்கில் பேசுவோம். எந்த இயந்திரத்தில், என்ன செலவில், யார் பணத்தில் என்ற கேள்விகளை வாசலிலேயே விட்டுவிடுவோம். கருவி ஒரு பொருட்டே இல்லை என்று ஒரு கட்சி. உயர்ந்த கருவி கைக்கு வந்த பிறகுதான் வேலையே தொடங்க முடியும் என்று இன்னொரு கட்சி. இரண்டும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: கணக்குப் பார்ப்பதில்லை. நான் பிழைப்புக்குக் கணக்குப் பார்க்கிறவன்; எனவே இந்தக் காரியத்தை நான் செய்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

திருவண்ணாமலையில் ஒரு வங்கிக் கிளையின் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு மாணவர்களின் பணவசதி என்பது ஸ்தூலமான ஒரு எண். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை. பாஸ்புக்கில் அந்த வரி அச்சானதும், அம்மாவுக்கு எவ்வளவு, பரீட்சைக் கட்டணத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே நின்று மனசுக்குள் பிரிக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகள் அவர்களில் ஒருத்தி. பி.ஏ. இரண்டாம் வருஷம். கையில் இரண்டு வேலைகள்: தோழிகளோடு சேர்ந்து கொண்டுவரும் பதினாறு பக்கப் பத்திரிகை ஒன்று, கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு மறுநாள் காலை குப்பை அள்ளுகிற பெண்களைப் பற்றிக் கைபேசியில் எடுத்த பத்து நிமிஷப் படம் ஒன்று. இயந்திரம், அவள் அண்ணனுக்கு 2018இல் அரசு கொடுத்த மடிக்கணினி.

அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கிய லட்சக்கணக்கான இயந்திரங்கள் பிளஸ் டூ மாணவர்களின் வீடுகளுக்குப் போயின. பல வீடுகளில் அவை இன்றும் பீரோவின் மேல் இருக்கின்றன. இலவசத்தைப் பரிகசித்து நாம் எழுதியது அதிகம். அந்தப் பெட்டியால் ஒரு பெண் என்ன செய்துகொள்ள முடியும் என்று எழுதியது குறைவு.

“புதுசு வாங்கிடலாமா, இதையே சரி பண்ணலாமா, சொல்லுங்க மாமா. அறுபதாயிரம் ஆகும்ங்கறாங்க” என்றாள்.

வாங்குவதற்கு முன்னால் எது தாமதப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னேன். பிராசஸர் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. ரேம் தொண்ணூற்றைத் தாண்டியது. வட்டு நூறிலேயே நின்றது. அதாவது இயந்திரத்தின் மூளை சும்மா உட்கார்ந்து, யாரோ எதையோ எடுத்துவரக் காத்திருந்தது.

பழைய அச்சகங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. சின்ன அச்சகத்தில் டைப் குறைவு. நாலு பக்கமோ எட்டுப் பக்கமோ கோர்த்து, அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்து மறுபடி அறைகளில் போட்ட பிறகுதான் அடுத்த பக்கங்களைக் கோர்க்க முடியும். கோர்ப்பவர் எவ்வளவு வேகமானவர் என்பது அங்கே பிரச்னையே இல்லை. நாலு ஜிபி ரேம் அந்த டைப் பற்றாக்குறைதான். இடம் போதாதபோது கணினி கையில் இருப்பதை வட்டில் இறக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறது. அந்த வட்டோ நிமிஷத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு. சிதறிக் கிடக்கும் துணுக்குகளை நொடிக்கு ஏறக்குறைய நூறுதான் அதனால் எடுத்துத் தர முடியும். சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும்.

ஆகவே வரிசை தெளிவு. முதலில் எஸ்.எஸ்.டி. அப்புறம் ரேமை எட்டு ஜிபியாக்குவது. ரேம் வாங்குமுன் பின்மூடியைத் திறந்து காலி இடம் உண்டா, பலகையோடு பற்றவைத்திருக்கிறார்களா, டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று பார்த்துவிட வேண்டும். ஒன்றின் வெட்டு மற்றதன் பள்ளத்தில் உட்காராது. பிராசஸரும் கிராபிக்ஸும் பெரும்பாலான மடிக்கணினிகளில் மாற்ற முடியாதவை. அவற்றைப் பற்றிக் கவலைப்படுவதும் வீண். கழற்றிய பழைய வட்டை ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டால் படத்துக்குப் பிரதி வைக்கும் இடம் ஆகிவிடும். தேரடித் தெருப் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் எல்லாம் சேர்த்து அவளுடைய ஐந்து மாதத் தொகைக்குள் முடிந்தது.

செலவில்லாத மாற்றங்களும் உண்டு. கைபேசிகள் இப்போது படத்தை ஹெச்.இ.வி.சி. என்ற இறுக்கமான முறையில் சுருக்குகின்றன. அதைப் பிரித்துக் காட்டவே பழைய இயந்திரம் திணறுகிறது. கைபேசியில் பழைய ஹெச்.264 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். கேடென்லைவ் என்ற இலவசச் செயலியில் ப்ராக்ஸி வசதி இருக்கிறது: சிறிய நகல்களை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலிலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இந்தப் பெட்டிக்கு இல்லை. எனவே லினக்ஸ். பத்திரிகைப் பக்கங்களுக்கு ஸ்கிரைபஸ். யூனிகோடில் ‘கெ’ என்பதன் கொம்பு, மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்பட வேண்டியது. இந்தச் சின்ன நியாயம் புரியாமல் ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகள் தமிழைச் சிதைத்தன. 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் கொம்பு தன் இடத்தில் உட்கார்கிறது.

இனி அறுபதாயிரத்தின் கணக்கு. ஆண்டு வட்டி 14 சதவீதம், 24 தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் 2880 ரூபாய். கட்டி முடிக்கும்போது 69 ஆயிரத்துச் சொச்சம். 1000 ரூபாய் வருகிறவள் 2880 கட்ட வேண்டும். மிச்சத்துக்கு என்ன செய்வாள்? கல்யாண வீடியோ வெட்டித் தருவாள். கல்யாண வீடியோ கேவலமான தொழில் இல்லை. ஆனால் அதற்குப் பழகிய கை, மூன்று நொடிக்கு மேல் ஒரு முகத்தைத் திரையில் நிற்க விடாது. குப்பை அள்ளுகிற பெண் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு மலையைப் பார்க்கிற காட்சி நாற்பது நொடி. தவணை கட்டுகிறவளின் கை அதை நறுக்கிவிடும். கடன் பணத்தை மட்டும் கேட்பதில்லை, ரசனையையும் கேட்கிறது. விமர்சகர்கள் வடிவத்தின் காரணங்களைத் தத்துவத்தில் தேடுகிறார்கள். சிலதை லெட்ஜரில் தேடலாம்.

இதிலிருந்து ஏழ்மை படைப்புக்கு நல்லது என்ற முடிவுக்கு யாரும் தாவ வேண்டாம். அது வசதியானவர்கள் கண்டுபிடித்த அழகியல். இந்தப் பெட்டியில் முப்பரிமாண அனிமேஷன் செய்ய முடியாது. இதன் திரையை நம்பி நிறம் திருத்தவும் முடியாது. அவள் நாளை அதைச் செய்ய விரும்பினால் வேறு இயந்திரம் வேண்டும். அது அவளுக்குக் கிடைக்கவும் வேண்டும். 2025 மார்ச் பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று மாநில அரசு அறிவித்ததை அதனால்தான் நான் பரிகசிக்க மாட்டேன். மறுபக்கம், அதே ஆண்டின் இறுதியில் ரேம் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை அறிவுக்கான தரவு மையங்களின் பக்கம் உற்பத்தி திரும்பியது. மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளர்களுக்கான க்ரூஷியல் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. கவிதையும் எழுதித் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் இயந்திரங்களுக்காக, கவிதை எழுதுகிற பெண் தன் நாலு ஜிபிக்கு அதிக விலை கொடுக்கிறாள்.

இப்போது பெட்டி அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. படம் எட்டு நிமிஷமாகக் குறைந்திருக்கிறது. அந்த நாற்பது நொடிக் காட்சியை அவள் பதினைந்தாக்கிவிட்டாள், தவணை எதுவும் இல்லாமலே. “நீளமா இருந்தா நான் அழ வைக்கப் பார்க்கற மாதிரி இருக்கு மாமா” என்கிறாள். எனக்கு ஒப்புதல் இல்லை. வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.