ஊரறிந்த இரகசியம்

துப்பறியும் கதைகளில் நமக்குப் பால்யத்திலிருந்தே ஒரு மோகம் உண்டு. பாட்டனாரின் மரப்பெட்டியில் கிடந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரையும், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனையும் தூசி தட்டி எடுத்து, கணக்குப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் நாம். அந்தக் கதைகளில் ஒரு சௌகரியம் இருந்தது. காணாமற் போனவர் எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. துப்பறிகிறவருக்கு மட்டும் தெரிந்துவிடும். கடைசி அத்தியாயத்தில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவார். நாமும் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

உலகத்தில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஊரில் பலருக்குத் தெரியும். துப்பறிய வந்தவருக்கு மட்டுந்தான் தெரியாது.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தில் பிலடெல்பியா என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. அதே பெயருள்ள பெரிய நகரம் வேறு, இது வேறு. கிரேக்க பாஷையில் அந்தப் பெயருக்குச் 'சகோதர அன்பு' என்று பொருள். 1964-ம் வருஷம் ஜூன் மாதம் 21-ந் தேதி, அந்த ஊருக்கருகில் மூன்று வாலிபர்கள் காணாமற் போனார்கள். ஜேம்ஸ் சேனி என்பவர் நீக்ரோ வகுப்பினர் என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட கறுப்பு இனத்தவர், வயது 21. ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் இருவரும் வெள்ளையர். வயது 20, 24. கறுப்பு மக்களுக்கு வோட்டுரிமை கிடைக்க உழைத்துக்கொண்டிருந்தவர்கள். எரிக்கப்பட்ட ஒரு மாதா கோயிலைப் பார்வையிட்டுத் திரும்பும்போது, வண்டியை வேகமாக ஓட்டினார்கள் என்று சொல்லி உதவி ஷெரீப் அவர்களைக் கைது செய்தார். இரவு பத்தரை மணி சுமாருக்கு விடுதலை செய்தார். அதன் பிறகு அவர்களைக் காணோம்.

மத்திய சர்க்காரின் துப்பறியும் இலாகாவிலிருந்து ஜோஸப் ஸலிவன் என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். பெரிய வழக்குகளில் பழகியவர். எரிந்து போன மோட்டார் வண்டி இரண்டே நாளில் ஒரு சதுப்பு நிலத்தருகே கிடைத்தது. கடற்படைச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் வந்து சேற்றிலும் பாம்புகளிடையிலும் இறங்கித் தேடினார்கள். ஊராரோ வாய் திறக்கவில்லை. "எல்லாம் வேஷம், பையன்கள் எங்கேயோ ஒளிந்துகொண்டு சிரிக்கிறார்கள்" என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். எந்தப் போலீஸாரிடம் உதவி கேட்க வேண்டுமோ, அவர்களிலேயே சிலர் குற்றத்தில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய அந்த மனிதர்களின் மனம் எப்படித் தவித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்தத் தேடலில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. ஜூலை மாதத்தில் மிஸ்ஸிஸிப்பி நதியில் இரண்டு சடலங்கள் கிடைத்தன. இவர்களுடையவை அல்ல. சார்ல்ஸ் மூர், ஹென்றி டீ என்ற 19 வயதுக் கறுப்பு இளைஞர்களுடையவை. மே மாதத்திலேயே காணாமற் போனவர்கள்; அவர்களுக்காக எந்தப் படையும் நதியில் இறங்கவில்லை. ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா அப்போதே மனம் நொந்து சொன்னார்: சேனி ஒருவர் மட்டும் மறைந்திருந்தால் உலகம் திரும்பிப் பார்த்திருக்காது என்று.

கடைசியில் இரகசியமாக ஒருவர் துப்புக் கொடுத்தார். ஆகஸ்டு 4-ந் தேதி, 44 நாட்களுக்குப் பிறகு, ஒரு பண்ணையில் புதிதாய்ப் போட்ட மண் அணைக்கடியில் மூவரின் உடல்களும் அகப்பட்டன. ராஜ்ய சர்க்கார் கொலை வழக்குத் தொடரவில்லை. 1967-ல் மத்திய சர்க்கார் தொடர்ந்த வேறு வழக்கில் ஏழு பேர் தண்டனை பெற்றார்கள். அந்த உதவி ஷெரீப்பும் அவர்களில் ஒருவர். எட்கர் ரே கில்லன் என்ற பாதிரி தப்பித்துக்கொண்டார். ஒரு பாதிரியைக் குற்றவாளி என்று சொல்ல ஜூரிகளில் ஒரே ஒருவருக்கு மனம் வரவில்லையாம்!

1959-ல் காந்தி மகான் பிறந்த நம் நாட்டைத் தரிசித்துச் சென்ற மார்ட்டின் லூதர் கிங், 1966-ல் அந்த ஊருக்குப் போனார். கொலைகாரர்கள் நம் பக்கத்திலேயே நிற்கிறார்கள் என்று நம்புவதாகப் பகிரங்கமாய்ச் சொன்னார். அந்த ஊர் வெள்ளைக்கார மாது பிளாரன்ஸ் மார்ஸ் என்பவர், ஜூரிகளின் முன் துணிந்து சாட்சி சொன்னார். அதன் பலன், அவருடைய கால்நடைச் சந்தையை ஜனங்கள் பகிஷ்கரித்தார்கள். மாதா கோயிலில் பாடம் சொல்லிக் கொடுத்த வேலையும் போயிற்று. 2005-ம் வருஷம் ஜூன் 21-ந் தேதி, சரியாக 41 வருஷங்கள் கழித்து, கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 60 வருஷத் தண்டனை. 2018-ல் சிறையிலேயே அவர் மாண்டார்.

"அந்த ஊர் ஜனங்கள் எத்தகைய கல் நெஞ்சர்கள்!" என்று சொல்ல வாயெடுத்தோம். சொல்ல முடியவில்லை. நம்முடைய வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

பல வருஷங்களுக்கு முன், ஏழாவது வகுப்பில் ஒரு பையன் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. ஆஜர் பட்டியலில் பெயரை வாசித்தோம். பதில் இல்லை. "எங்கே அவன்?" என்றோம். நாற்பது தலைகளும் குனிந்தன. "தெரியாது, ஸார்" என்று ஒரு குரல் வந்தது. நாம் அடுத்த பெயரை வாசித்தோம். சில வாரங்கள் கழித்துச் சிவப்பு மையினால் ஒரு கோடு இழுத்தோம். அவ்வளவுதான்.

சென்ற வருஷம் அந்த வகுப்பில் படித்த பெண் ஒருத்தி, தன் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வந்தாள். பேச்சோடு பேச்சாக அவனைப் பற்றி விசாரித்தோம். அப்பா வாங்கிய கடனுக்காகச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார்களாம். "எங்கள் எல்லோருக்கும் அப்பவே தெரியும், ஸார். கடன் கொடுத்தவர் ஊர்ப் பெரிய மனிதர், அதனால் பயம். நீங்கள் இன்னொரு தரம் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்போம்" என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதுவே நம்மை அதிகமாய் வாட்டிற்று.

அந்த மௌனத்தில் நாற்பது குழந்தைகளோடு நாற்பத்தோராவது ஆளாக நாமும் இருந்தோம். குழந்தைகளுக்காவது பயம் என்ற காரணம் உண்டு. நமக்கு அதுகூட இல்லை. துப்பறிகிறவருக்குப் பூதக் கண்ணாடியும் மாறுவேஷமும் அவசியம் என்று சிறு வயதில் நம்பியிருந்தோம். ஸலிவனிடம் மாறுவேஷம் ஒன்றுமில்லை. தெரியாது என்று சொன்னவர்களிடம் அவருடைய ஆட்கள் மறுபடியும் போய்க் கேட்டார்கள்.

இப்போதெல்லாம் ஒரு குழந்தை மூன்று நாள் வராவிட்டால், மாலையில் அதன் தெருவுக்கு நடந்து போகிறோம். பெரும்பாலும் ஜுரமாகவோ, அத்தை வீட்டுக் கல்யாணமாகவோதான் இருக்கிறது. அப்படியிருந்தால் சந்தோஷத்தோடு திரும்புகிறோம். "தெரியாது, ஸார்" என்ற பதில் வந்தாலோ, மறுநாளும் போகிறோம்.