தரைவழியாகச் சிங்கப்பூர்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம் சொச்சம். பல விமானங்கள் இரவில்தான் கிளம்புகின்றன. மீனம்பாக்கத்தில் கண்ணை மூடினால் சாங்கியில் விடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதிதான். ஆனால் பிறந்து வளர்ந்த மண்ணுக்கும் பிழைக்கப் போகும் மண்ணுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஆயுள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கலாம் என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருந்தது.

எனக்கும் கணவருக்கும் 2023 கடைசியில் சிங்கப்பூரில் வேலை உறுதியானது. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். சென்னை வேலைகளை விட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களைத் திருச்சியில் மாமியார் வீட்டு மாடியறையில் அடுக்கி முடித்தபோது, புது வேலையில் சேர வேண்டிய தேதிக்குச் சில மாதங்கள் இருந்தன. படிப்பு முடிவதற்குள் வேலை, ஒரு வேலையை விட்ட திங்கட்கிழமையே அடுத்த வேலை என்று ஓடிய எங்களுக்கு இப்படி ஓர் இடைவெளி அதுவரை வாய்த்ததே இல்லை. ஆளுக்கு ஒரு முதுகுப்பையோடு, முடிந்த மட்டும் தரைவழியாகவே சிங்கப்பூர் போய்ச் சேர்வது என்று தீர்மானித்தோம்.

"வேலை கெடச்சாச்சு. நேரத்தோட போய் வீடு வாசலப் பாக்காம, எதுக்கும்மா மூட்டையத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையணும்?" என்றார் மாமியார். சம்பளம் வராத மாதங்களில் கையிருப்பைக் கரைக்கிறோமே என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது.

"வழியப் பாத்துட்டா தூரமாத் தெரியாது அத்தை," என்றேன். அப்போது சமாதானத்துக்குச் சொன்னதுதான். போகப் போக அதுவே நிஜமாயிற்று.

முழுக்கத் தரைவழி என்றால் மணிப்பூரின் மோரே எல்லையைத் தாண்டி மியான்மருக்குள் நுழைய வேண்டும். பர்மாவை விட்டு 1960களில் வெளியேற நேர்ந்த தமிழர்களில் சிலர், தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல் மறுபடி பர்மாவுக்கே போகப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே குடியமர்ந்த ஊர் அது. அங்கே ஓர் இரவாவது தங்க ஆசைப்பட்டோம். ஆனால் மியான்மரில் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு உள்நாட்டுச் சண்டை. மணிப்பூரில் 2023 மே முதல் கலவரம். வேறு வழியின்றிக் கொல்கத்தாவிலிருந்து ஹனோய்க்குப் பறந்தோம். மீதி வழி ரயிலிலும் பேருந்திலும். வியட்நாமுக்கு வீட்டிலிருந்தே மின்விசா எடுக்க முடிந்தது. தாய்லாந்தும் மலேசியாவும் 2023 நவம்பர், டிசம்பரில் இந்தியர்களுக்கு விசாவையே விலக்கியிருந்தன. இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகையின் அருமை புரியும். அது இல்லாவிட்டால் இந்தப் பயணம் வங்கிக் கணக்கு நகல்களோடு தூதரக வாசல்களிலேயே முடிந்திருக்கும்.

ஹனோயில் குளிரும் நூல் நூலாய் விழும் மழையும். அங்கிருந்து தெற்கே ஹோ சி மின் நகர், அதாவது பழைய சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் நீளும் அந்த ரயில் பாதை, 1936இல் கட்டி முடிக்கப்பட்டு, 1954இல் நாடு இரண்டானபோது அறுந்து, போர் முடிந்த பின் 1976இல் மறுபடி இணைக்கப்பட்டது. நாங்கள் ஏறியது பிப்ரவரித் தொடக்கத்தில், அவர்களின் புத்தாண்டான தெத் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பு. தெற்கே போகும் எங்கள் பெட்டியில் கூட்டமே இல்லை. எதிரே வரும் ரயில்களிலோ நிற்க இடமில்லை. சைகோன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் பரிசுப் பெட்டிகளோடும் தூங்கும் குழந்தைகளோடும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு முந்தைய இரவுக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்தான் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிழைக்கப் போனவர்கள் திரும்பும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், பிழைக்கப் போகிற நாங்கள் இருவர். ஹுவேக்கும் தா நாங்குக்கும் இடையே ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலோரமாக வண்டி ஊர்ந்து போனபோது வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

சென்னையில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. அவருக்கு அமெரிக்க நேரத்தில் வேலை, எனக்குப் பகலில். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்போம். ஒரு வீட்டில் வாழ்ந்தோமே தவிர, சேர்ந்து முடிவெடுக்கும் அவசியம் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். பயணத்தில் காலையிலிருந்து இரவு வரை முடிவுகள்தான். எந்த வண்டி, எந்த அறை, இங்கேயே சாப்பிடுவதா, அடுத்த ஊர் வரை பொறுப்பதா? பசித்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்பதும், பதற்றத்தில் நான் வேகமாக நடக்கத் தொடங்குவேன் என்பதும் இருவருக்கும் அங்கேதான் தெரிந்தது. நான் அசைவம் தொடுவதில்லை, அவர் எல்லாம் சாப்பிடுவார். வியட்நாமில் சைவ உணவுக்கு 'சாய்' என்று பெயர். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர்கள் பலர் அதையே உண்பதால், சிற்றூரிலும் தேடினால் ஒரு சாய் கடை கிடைத்துவிடும். தேடி நடக்கும் பொறுப்பை அவர் தானாக எடுத்துக்கொண்டார். போகப் போக எங்களுக்குள் ஒரு வழக்கம் உருவாயிற்று: யாருக்கு அதிகக் களைப்போ அவர் சொல்வதே அன்றைய முடிவு, மற்றவர் மறுவார்த்தை பேசக் கூடாது. கல்யாணமாகிப் புதிதாக வெளிநாடு கிளம்பும் எவருக்கும், முதலில் இப்படிச் சில வாரங்கள் பை தூக்கி நடந்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். அங்கே போனபின் சண்டையில் பேச்சு நின்றால் சமாதானம் செய்துவைக்க அத்தையோ சித்தியோ பக்கத்துத் தெருவில் இருக்க மாட்டார்கள்.

சைகோனில், பென் தான் சந்தைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், அதே ஆட்சியின் கீழிருந்த சைகோனுக்கு அரசு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் தமிழர்கள் போனார்கள். நெல் வியாபாரத்துக்குக் கடன் கொடுக்கச் செட்டியார்கள் போனார்கள். இன்று அவர்களில் வெகுசிலரே மிச்சம். ஆனால் கோயிலில் கூட்டம் இருந்தது. வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தி ஏற்றி, பின்புறக் கற்சுவரில் நெற்றியை ஒட்டி வைத்து, தங்கள் குறைகளை முணுமுணுப்பாக அம்மனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சொன்னேன், தமிழில்.

கம்போடியாவை வேகமாகக் கடந்தோம். ஆங்கோரைப் பற்றி எழுத என்னிலும் தகுதியானவர்கள் நிறைய உண்டு. தாய்லாந்துக்குள் நுழைய அன்று போய்பெட் எல்லை திறந்திருந்தது. 2025இல் இரு நாடுகளுக்கும் சண்டை மூண்டு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. தரைவழிகளின் ஆயுளே அப்படி. திறந்திருக்கும்போது போய்விட வேண்டும்.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் காஞ்சனபுரிக்கு ரயில் ஏறினோம். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் சொல்வது இந்தப் பாதையைத்தான். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் 1942, 43இல் மலையையும் காட்டையும் வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் இதில் வேலை செய்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரியும். திரைப்படம் வந்தது, க்வாய் பாலத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. ஆனால் பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தமிழர்கள் பெரும்பாலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் வேலையும் அரிசியும் இல்லாமல் தவித்தவர்களிடம், சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். அது பலிக்காத இடங்களில் பிடித்து ஏற்றினார்கள். 1943இல் முகாம்களில் காலரா பரவியது. கைதிகளுக்காவது தங்கள் ராணுவ மருத்துவர்கள் உடனிருந்தார்கள். தொழிலாளர்களுக்கு யாரும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சரியான கணக்கு இல்லை, ஏனென்றால் பெயர்ப் பட்டியலே இல்லை.

ஊர் நடுவே போர்க் கல்லறைத் தோட்டம். சீராக வெட்டிய புல்வெளியில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, சிலவற்றில் தாய் எழுதிய ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படித்தோம். அவர்களும் வீட்டுக்குத் திரும்பாத பிள்ளைகள்தானே. பக்கத்தில் ஒரு பௌத்த விகாரை. அங்கே தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் எழுந்திருக்கிறது. போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய மரபு. வேலைக்குப் போய் விழுந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று முடிவுசெய்தவர்களை மனதாரக் கும்பிட்டேன்.

எங்கள் இருவர் குடும்பத்திலும் மலாயா போனவர் யாரும் இல்லை. இருந்தும் அன்று என்னால் அங்கிருந்து சீக்கிரம் நகர முடியவில்லை. என் பையில் புது வேலைக்கான நியமனக் கடிதம் இருந்தது. சம்பளம், விடுப்பு, மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொன்றும் எண்ணிட்டு அச்சடித்த கடிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப எனக்குச் சில மாத அவகாசம் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வாய்வார்த்தையும் மூடிய சரக்குப் பெட்டியும்.

அங்கிருந்து பாங்காக் திரும்பி, இரவு ரயிலில் பாடாங் பெசார். தாய்லாந்து, மலேசியா இரண்டின் குடிநுழைவும் ஒரே நிலையக் கட்டடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு பட்டர்வொர்த், படகில் பினாங்கு. அந்நாளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கரை கண்டது இங்கேதான். தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்துவந்த தொழிலாளர்களை நேரே ஊருக்குள் விடவில்லை. பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. பச்சைப் பசேலென்ற சின்னத் தீவு. முகாமுக்குப் பிறகு தோட்டம், மறுநாளே ரப்பர் பால்மரம். 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை விதிக்கும் வரை இது நடந்தது.

கோலாலம்பூர் ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டவுடன், "ஊருலேருந்தா வர்றீங்க?" என்றார். அவர்களுக்கு ஊர் என்றால் தமிழ்நாடுதான், மூன்று தலைமுறை கழிந்த பிறகும். கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவராம். "காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டு. தலையில வெளக்கக் கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போவோம். பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சது." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பது. தோட்டம் பின்னாளில் செம்பனையாகி, அதற்கும் பின்னால் வீட்டுமனையாகி, லயத்தில் இருந்தவர்கள் சிதறிப் போனார்களாம். ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்த வழியைச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "வேலையில சேர்றதுக்கு முன்னால சுத்திப் பாக்க வுட்டாங்களா?"

"விட்டாங்கம்மா," என்றார் என் கணவர்.

"நல்ல மொதலாளி," என்றார் அவர்.

எந்த முதலாளியும் எங்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. பழைய வேலைக்கும் புது வேலைக்கும் நடுவே நாங்களே எடுத்துக்கொண்ட நாட்கள் அவை. எடுத்துக்கொள்ள எங்களுக்குக் கையிருப்பு இருந்தது, கடன் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு மனிதருக்குத் தன்னுடையதாகச் சில வாரங்கள் இருப்பதை, சம்பளத்தையும் விடுப்பையும் போல முக்கியமானதாகவே இப்போது நினைக்கிறேன்.

ஜோகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயிலில் ஐந்தே நிமிடம். 1924இல் திறந்த கடற்பாலத்தின் மேல், ஒரு கிலோமீட்டர் தூரம். மறுவாரம் இருவரும் வேலையில் சேர்ந்தோம். களைத்தவர் சொல்வதே முடிவு என்ற வழக்கம் வாடகை வீடு பார்ப்பதில் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கப் போவோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமான வேலை செய்கிறார். ஏஜென்டுக்குக் கட்டிய பணம் வட்டிக்கு வாங்கியது. "பெர்மிட்டு வந்த ரெண்டாம் நாளே ஏறிட்டேங்க்கா. வட்டி ஓடுதுல்ல," என்றார். விமான நிலையத்திலிருந்து நேரே விடுதி, அடுத்த நாள் வேலை. இப்போது கடன் அடைந்துவிட்டது. நாங்கள் வந்த வழியைப் பற்றி ஒவ்வொரு வாரமும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் விட்ட பிறகு என் கணவர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்: ஜோகூர் வரை பேருந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர், பட்டர்வொர்த், படகில் பினாங்கு, பினாங்கிலிருந்து சென்னை. நேராகப் பறப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் செலவு, இரண்டு நாள் அதிகம். அடுத்த விடுப்புக்கு அப்படித்தான் போகப் போகிறார். பினாங்கில் தங்க அறை பார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு.