அபெரிஸ்ட்வித்: தண்டவாளம் முடிகிற ஊர்

வேல்ஸின் மேற்குக் கரையில், தண்டவாளம் இதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது அபெரிஸ்ட்வித். பர்மிங்ஹாமில் ஏறினால் சுமார் 3 மணி நேரம். ஷ்ரூஸ்பரி தாண்டினால் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டிக்குக் காத்திருந்து, நடுவழியில் ஒரு ஸ்டேஷனில் பெட்டிகளை இரண்டாகக் கழற்றி, ஒரு பாதியை வடக்கே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, ஆடி அசைந்து வந்து சேரும். பெட்டி மாறி உட்கார்ந்து தூங்கிவிட்டால் கண் விழிக்கும்போது ஊரே வேறாக இருக்கும் :-)

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வேல்ஸின் தலைநகரம் கார்டிஃப். அங்கே ரயிலில் போகவேண்டுமென்றால் முதலில் இங்கிலாந்துக்குள் போய், அங்கிருந்து மறுபடி வேல்ஸுக்குள் வரவேண்டும்! தெற்கே கார்மார்த்தனுக்கு நேராகப் போன பாதையை 1965இல் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். சிறிய ஊரில் குடியேறுவது என்றால் என்ன என்பது இந்த டிக்கெட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஆனால் ரயில் இல்லாவிட்டால் இந்த ஊரில் மாணவர்களே இருந்திருக்க மாட்டார்கள். 1864இல் ரயில் வந்தது. உல்லாசப் பயணிகள் குவிவார்கள் என்று நம்பி, அந்தப் பாதையைப் போட்ட தாமஸ் சேவின் என்பவர் கடலோரத்தில் பிரம்மாண்டமாக ஒரு ஹோட்டல் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் கையில் காசு தீர்ந்தது. அந்தக் கட்டடத்தில்தான் 1872இல் வேல்ஸின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. ஒரு மனிதர் திவாலானதில் ஒரு ஊருக்கு மாணவர் கூட்டம் கிடைத்தது.

செப்டம்பரில் வந்து இறங்குகிறவருக்கு எல்லாமே அழகு. கடற்கரைச் சாலையின் வடகோடி வரை நடந்து, அங்கிருக்கும் கம்பி வேலியைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்புவது ஊர் வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மாலையில் ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் சுழன்று சுழன்று பறந்து கடற்பாலத்துக்கு அடியில் அடைகிற காட்சிக்காகவே குளிர்காலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2014 ஜனவரியில் அலைகள் அந்தச் சாலையைப் பெயர்த்தெடுத்து, கல்லையும் மணலையும் வாசல்வரை கொண்டுவந்து கொட்டின. கடலைப் பார்த்த அறை என்று ஆசையாக எடுத்திருந்த மாணவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. (கடலைப் பார்த்த ஜன்னல் என்றால் கடலும் அந்த ஜன்னலைப் பார்க்கும், அவ்வளவுதான்.)

சரி, குளிரும் தூரமும் வந்தவரின் பிரச்சினை. வந்தவரால் ஊருக்கு என்ன பிரச்சினை என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கடையில் நாலு பேர் வெல்ஷில் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மொழி தெரியாத ஒருவர் உள்ளே வருகிறார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. ஆனாலும் அடுத்த வாக்கியம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. மரியாதைதான், வேறொன்றுமில்லை. அந்த நாலு பேருக்கும் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஒருவருக்காக நாலு பேர் மாறுகிறார்கள். இது ஒரு நாளில் எத்தனை முறை, ஒரு வருடத்தில் எத்தனை முறை என்று யோசித்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்த ஊர் இருக்கும் கெரெடிகியன் மாவட்டத்தில் 47.3% பேர் வெல்ஷ் தெரியும் என்றார்கள். 2021இல் அது 45.3%. வீட்டு விலையும் வேலையின்மையும் உள்ளூர்ப் பிள்ளைகளை வெளியே துரத்துவது தனிக்கதை.

சும்மா விட்டுவிட்ட ஊரும் அல்ல இது. கோர்ட் சம்மன் வெல்ஷிலும் வேண்டும் என்று 1963 பிப்ரவரி 2 அன்று இளைஞர்கள், பெரும்பாலும் மாணவர்கள், இங்கேயுள்ள ட்ரெவெக்கன் பாலத்தில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2011இல் சட்டம் வெல்ஷுக்கு ஆட்சிமொழி அந்தஸ்தை உறுதி செய்தது. வெல்ஷ் பேசும் மாணவர்களுக்கென்றே இருந்த பன்டிகெலின் விடுதி 2015இல் மூடப்பட்டபோது மறுபடி போராட்டம். புதுப்பித்து 2020இல் திறந்தார்கள். ஆனால் கடை வரிசையில் யார் என்ன பேசுவது என்பதற்கு எந்தச் சட்டமும் கிடையாதே!

அங்கேதான் மூன்று வருடம் மட்டும் தங்கிப் போகிற மாணவருக்கும் வேலை இருக்கிறது. "எப்படியும் போகப் போகிறவர்தானே, எதற்குப் படிக்கவேண்டும்?" என்பது நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஒருவர் போனாலும் அவர் இடத்துக்கு அடுத்தவர் வந்துவிடுகிறார். ஊருக்கு மாணவர் கூட்டம் என்பது நிரந்தரம். எல்லோரும் பண்டிதராக வேண்டாம். "போரே டா" என்றால் காலை வணக்கம். ("டா" என்றால் அங்கே "நல்ல" என்று அர்த்தம், யாரும் சண்டைக்குப் போகவேண்டாம்.) உள்ளே நுழைகிறவர் அதைச் சொன்னாலே போதும், வரிசை ஆங்கிலத்துக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. அப்படிச் சொன்னால் பதிலும் வெல்ஷில் வரும், அதுவும் மூச்சு விடாமல். பாதி புரியாது. "மெதுவாக" என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்கான வார்த்தையைத் தேடி அகராதிக்குப் போகவேண்டியதில்லை, வளைவுக்கு வளைவு தார்ச்சாலையிலேயே பெரிய வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: "அராவ்".