இரண்டாம் முறை வாங்க வருகிறவர்

கண்காட்சிக்குப் போய்வந்த குழுப் பெண்கள், “இந்தத் தடவை எல்லாம் வித்துப் போச்சுக்கா” என்று முகம் மலரச் சொல்லும்போது எனக்கும் மனம் நிறையும். உடனே ஒன்று கேட்பேன். “போன வருஷம் வாங்கினவங்க யாராவது இந்த வருஷம் தேடி வந்தாங்களா?” ஆமாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், அந்தக் குழுவைப் பற்றி எனக்கு அப்புறம் கவலை இருக்காது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் குழுக்களோடு வேலை செய்தே எனக்கு வயதாகிவிட்டது. அந்த அனுபவத்தில் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

அரசு செய்தது குறைவில்லை. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நெசவாளருக்குக் கடை விரித்திருக்கிறது. 1973-ல் வந்த ‘பூம்புகார்’ கைவினை நிறுவனம் சுவாமிமலைச் சிற்பியையும் தஞ்சாவூர்த் தட்டுக் கலைஞரையும் நகரத்து வாங்குபவரிடம் கொண்டு சேர்த்தது. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் பெண்களைக் குழுக்களாகச் சேர்க்கும் வேலை ஆரம்பமானது. 1997-98-லிருந்து அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. பிறகு பூமாலை வணிக வளாகங்கள் வந்தன. சென்னை நுங்கம்பாக்கத்து அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சிகள் நடந்தன. இப்போது ‘மதி’ என்ற பெயரில் குழுப் பொருட்கள் கடைக்கு வருகின்றன. 2022-லிருந்து ரயில் நிலையங்களிலும் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று அந்தந்த ஊர்ச் சரக்குக்கு இடம் கொடுக்கிறார்கள். தன் பேரில் ஒரு வங்கிப் புத்தகம் இருந்தறியாத பெண்கள் கூட்டத்தின் நடுவே நின்று விலை சொல்லக் கற்றுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் இந்தத் திட்டங்களை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் அரசால் வாங்கித் தர முடிந்தது முதல் விற்பனையைத்தான். ஸ்டால் போட்டுக் கொடுக்கலாம், பேருந்துக் கட்டணம் கொடுக்கலாம், பத்திரிகையில் படம் வரச் செய்யலாம். வாங்கிப் போனவர் வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில் அங்கே அதிகாரி யாரும் இல்லை. பொருள் மட்டும்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த குழு ஒன்று எள்ளுப்பொடி போட்டு விற்றது. பக்குவம் பிரமாதம். ஒரு கண்காட்சியில் வயதான ஒரு அம்மா ஸ்டாலுக்கு வந்து, “தாயி, போன தடவை வாங்கின பொடி ரெண்டாவது வாரமே சிக்கு வாடை அடிச்சுது. பக்குவம் நல்லா இருந்ததால சொல்றேன்” என்றார். பொடி இடித்தவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் சமாளிக்கப் பார்த்தாள். இவள் அவளைத் தடுத்து, வீட்டில் பொடியை எதில் வைத்திருந்தார்கள், எத்தனை நாளில் வாடை வந்தது என்று அந்த அம்மாவிடம் விசாரித்தாள். எள்ளில் எண்ணெய் அதிகம். மொத்தமாக இடித்து மூட்டை கட்டி வைத்தால் காற்றுப் பட்டுக் கெடும். அதற்குப் பிறகு அவர்கள் ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் வறுத்தார்கள். வறுத்த எள் நன்றாக ஆறிய பிறகே இடித்தார்கள். இடித்த தேதியைப் பொட்டலத்தில் எழுதினார்கள். அந்த அம்மா மறுபடி வந்தார், கூடவே தன் தங்கையையும் அழைத்து வந்தார். பயிற்சி வகுப்பில் பேக்கிங், லேபிள், காலாவதி தேதி எல்லாம் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாங்கினவர் வாயால் கேட்ட அன்றைக்குத்தான் அது மனதில் தைத்தது.

பிள்ளைகளே, ‘பாவம், கிராமத்துப் பெண்கள்’ என்று இரக்கப்பட்டு ஒரு தடவை வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் போகிறவர்களால் யாருக்கும் நன்மையில்லை. அந்தப் பெண்ணுக்குப் பொருள் நன்றாக இருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கை வருகிறது. அடுத்த ஆண்டு அதிகமாகச் செய்து கொண்டுவந்து திருப்பி எடுத்துப் போகிறாள். குறையை மரியாதையோடு எடுத்துச் சொல்லி, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து, திரும்ப வந்து வாங்குங்கள். ஒரு உழைப்பாளிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது.

கருப்பட்டியைப் பாருங்கள். உடன்குடித் தேரிக்காட்டுச் செம்மண்ணில் நிற்கிற பனைகளில் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர் இறங்கும். பனையேறி விடியலில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அத்தனை மரமும் ஏறி இறங்க வேண்டும். பாளையைச் சீவிவிட வேண்டும். இல்லையென்றால் ஊறுவது நின்றுபோகும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும்; இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அவர் இறக்கி வைத்ததும் வீட்டுப் பெண்ணின் வேலை ஆரம்பிக்கிறது. காய்ந்த ஓலையும் விறகும் தள்ளி, புகையில் நின்று, மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். பாகு பதத்துக்கு வந்ததா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, சரியான நொடியில் சிரட்டையில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் இறுகாது, பிந்தினால் கருகிவிடும். இவ்வளவு பதநீர் சுண்டி இவ்வளவுதானா கட்டி வந்தது என்று பார்க்கிறவர்களுக்கு மலைப்பாக இருக்கும்.

இதே பாகில் சீனியைக் கொட்டினால் வேலை சுலபம். எடை கூடும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. சந்தையில் கருப்பட்டி என்ற பெயரில் கிடைப்பதில் சீனி கலந்தது ஏராளம் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். 2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் 2021-ல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும், ரேஷன் கடையில் பனைவெல்லம் விற்க வழி செய்யப்படும் என்றும் சொன்னார்கள். இரண்டுமே நல்ல காரியங்கள். ஆனாலும் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஒவ்வொரு சிரட்டைக்குள்ளும் அது எட்டிப் பார்க்காது. சீனி போடாமல் காய்ச்சுகிறவளை அப்படியே காய்ச்ச வைப்பது, சரியான விலை கொடுத்து வருஷா வருஷம் அவளிடமே வாங்குகிற வீடுகள்தான். கருப்பட்டியைச் சீனி விலைக்குக் கேட்டு நச்சரிக்கிற வாடிக்கையாளர், தெரிந்தோ தெரியாமலோ, சீனியைக் கலக்கச் சொல்லித்தான் கேட்கிறார்.

இதை எனக்கு முன்பே உரக்கச் சொன்னவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் படித்து, 1934-ல் காந்தியார் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தியவர். கடைசிக் காலத்தை மதுரைக்குப் பக்கத்தில் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960-ல் மறைந்தார். ஒரு பொருள் எந்த நிலைமையில் செய்யப்பட்டதோ, அந்த நிலைமைக்கு வாங்குகிறவரும் பொறுப்பாளி என்பது அவருடைய அழுத்தமான எண்ணம். கிராமப் பொருள் என்றால் பலரும் கதரையும் தேனையும் நினைக்கிறார்கள். வாங்குபவரின் மனசாட்சியைப் பற்றி அவர் சொன்னதை மறந்துவிட்டார்கள்.

இதுவரை வாங்குகிறவரைப் பற்றிச் சொன்னேன். எதைச் செய்வது என்று யார் தீர்மானிப்பது என்ற கேள்வி வரும்போது ஜப்பானின் ஓயிட்டா மாநிலத்தை நினைத்துக்கொள்கிறேன். 1979-ல் அங்கே ஆளுநராக இருந்த மொரிஹிகோ ஹிராமட்சு ‘ஒரு கிராமம் ஒரு பொருள்’ இயக்கத்தைத் தொடங்கினார். விதை அவருக்கு முந்தியது. ஓயாமா என்ற மலையூர் மக்கள் 1961-லேயே, நெல்லுக்கு ஏற்காத தங்கள் நிலத்தில் பிளம்மும் கஷ்கொட்டையும் நடுவது என்று தாங்களே முடிவு செய்திருந்தார்கள். ஹிராமட்சு உற்பத்திக்கு மானியத்தை அள்ளிக் கொடுக்கவில்லை. பயிற்சியும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்தார், தன் மாநிலப் பொருட்களைத் தோக்கியோவில் தானே முன்னின்று அறிமுகப்படுத்தினார். எதைச் செய்வது என்று தீர்மானிப்பதை ஊர்க்காரர்களிடம் விட்டார். பிறகு 2001-ல் தாய்லாந்து அதைப் பின்பற்றியது. நம் நாட்டில் இன்று ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ என்று பேசுவதும் அந்த வழியில் வந்ததுதான்.

எங்கள் பக்கம் நடந்தது பல இடங்களில் இதற்கு மாறாக இருந்தது. பயிற்சி மேலிருந்து வரும். ஒரு வருஷம் பினாயில் என்றால் வட்டாரம் முழுக்கப் பினாயில். மறு வருஷம் மெழுகுவர்த்தி. பக்கத்துப் பக்கத்து ஸ்டாலில் ஒரே ஊறுகாய், ஒரே மசாலாப்பொடி. யாரிடம் யார் வாங்குவது? தன் பாட்டியிடமிருந்து கைக்கு வந்த பக்குவம் ஒன்று அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கும், அதை யாரும் கேட்கவில்லை. பொறுப்பில் இருக்கிற இளைய அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: முதல் கூட்டத்தில் நீங்கள் பேசாதீர்கள். அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, திருவிழா மாதிரி வருஷத்துக்கு ஒரு முறை வருகிற கண்காட்சியைவிட, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தினமும் நேரத்துக்குத் திறக்கிற சின்னக் கடை மேல். மேடையும் பேனரும் இல்லாத திட்டங்களே நெடுநாள் சோறு போட்டதைப் பார்த்திருக்கிறேன். 1983-ல் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டம் ஏழைக்கு உடையும் தறிக்கு வேலையும் சேர்த்தே கொடுத்தது. பள்ளிச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. பிள்ளைகள் இருக்கும்வரை அந்த வேலையும் இருக்கும். இவற்றில் அரசே திரும்பத் திரும்ப வாங்குகிறவராக நிற்கிறது. நிற்கும்போது பணத்தைக் காலத்தில் கொடுக்க வேண்டும். சரக்கை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பில்லை இழுத்தடித்த ஓர் அலுவலகத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழு வட்டிக்கு வாங்கிச் சிதறிப்போனது. அந்தப் பெண்களின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அரசுக்கு மட்டுமில்லை, வாங்குகிற உங்களுக்கும் இதே பொறுப்பு உண்டு. எங்கள் பக்கத்துப் பத்தமடைக்குப் போனால் கோரையைக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்துப் பாய் நெய்வதைப் பார்க்கலாம். மெல்லிசான பட்டுப் பாய் என்றால் வாரக்கணக்கில் தறியில் கிடக்கும். பெரும்பாலும் அங்குள்ள முஸ்லிம் பெண்களின் கைவேலை. பிளாஸ்டிக் பாய் விலையைச் சொல்லி அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். மகள்கள் தறிக்கு வர விரும்பாததற்கு அந்தப் பேரமும் ஒரு காரணம். மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாய் வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போய் நிற்க வேண்டாம். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பெயர்களைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூடவே முன்பணமும் கொடுங்கள், கோரையும் நூலும் வாங்க அவர்களுக்கு அது வேண்டும்.