எதிரில் வருபவரின் வெளிச்சம்

கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் முகப்பு விளக்கைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: எரிகிறதா, இல்லையா? டயரின் காற்றுக்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் கணக்கு வைத்திருப்பவர்கள்கூட, விளக்கின் ஒளி சாலையில் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின் எனக்கு இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. வயது ஏற ஏற, கூசிய கண் மீண்டும் இருட்டுக்குப் பழக அதிக நேரம் பிடிக்கும் என்பது மருத்துவம். சேலத்தில் வேலை முடித்து இரவில் மேட்டூர் திரும்பும் என் கண்கள் அதை அன்றாடம் உறுதி செய்கின்றன.

எங்கள் ஊருக்கு வெளிச்சத்தில் குறைவில்லை. 1934இல் அணை கட்டி முடிந்தது. 1937 முதல் அதன் காலடியில் நீர்மின்சாரம். பின்னர் அனல்மின் நிலையமும் வந்தது. ஆனால் ஊரைத் தாண்டி மேச்சேரிப் பக்கம் போனால், நடுத்தடுப்போ தெருவிளக்கோ இல்லாத இடங்களில் இருட்டு பழைய இருட்டாகவே இருக்கிறது. எதிரே சாம்பல் லாரி வரும். இடப்புறச் சாலையோரத்தில், தறிப்பட்டறையில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் மனிதர் போய்க்கொண்டிருப்பார்.

சென்ற ஆண்டு அப்படி ஒருவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, பார்க்க வாய்த்தது என்பதே சரி. எதிரே வந்த கார் வெள்ளை வெளிச்சத்தை முகத்தில் கொட்டியபடி கடந்தது. நான் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தேன். இருள் மெல்ல விலகியபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என் இடப்பக்கக் கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தார். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி, கண் கூசியிருக்கும் இரண்டு நொடிகளில் 33 மீட்டர் ஓடிவிடும். அந்த 33 மீட்டருக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அந்த நாட்களில் என் வண்டியின் விளக்கும் மங்கலாகத்தான் எரிந்தது. உதிரிபாகக் கடை ஒன்றில், பழைய ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டால் பகல்போல இருக்கும் என்றார்கள். எங்கள் பகுதியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர் ஒப்பவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “பல்பு மேல தப்பு இல்லைங்க சார். பேட்டரியில பன்னெண்டரை இருக்கு, பல்புகிட்ட பதினொண்ணுகூட வரலை. எர்த்து துருப்பிடிச்சுப் போச்சுங்க” என்றார். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலோஜன் விளக்கின் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். எர்த்துக் கம்பியின் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் வரும்படி ஒரு ரிலே வைத்தார். மஞ்சள் பூத்திருந்த விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பழைய பல்பே பளிச்சென்று எரிந்தது.

எல்.இ.டி. ஏன் வேண்டாம் என்பதையும் அவர் பல்பைக் கையில் வைத்துக் காட்டினார். டிம் இழைக்கு அடியில் நகத்தளவில் ஓர் உலோகக் கிண்ணம் இருக்கிறது. மேல்நோக்கிப் போகக்கூடிய ஒளியைத் தடுப்பது அதன் வேலை. அதனால் டிம் வெளிச்சத்துக்குத் தெளிவான ஒரு மேல்விளிம்பு கிடைக்கிறது. இடப்புறம் செல்லும் நம் நாட்டு வண்டிகளில் அந்த விளிம்பு வலப்பக்கம் தாழ்ந்தும் இடப்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்கும். எதிரே வருபவரின் கண் தப்பும். ஓரத்தில் நடப்பவர் தெரிவார். இழை இருந்த இடத்தில் அச்சுப் பிசகாமல் ஒளி பிறந்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும். ஹாலோஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் வேறு பல்பைச் செருகினால் ஒளி சிதறும். தொடக்கத்திலேயே எல்.இ.டி.க்கென வடிவமைத்த விளக்குகளின் கதை வேறு.

அடுத்து உயரம். டயரில் சரியான காற்றோடு, சமதளத்தில், ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்க, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே சுவரில் சுண்ணாம்புக் கோடு. டிம் வெளிச்சத்தின் விளிம்பு அந்தக் கோட்டில் படியும்வரை விளக்கின் பின்னாலுள்ள திருகைத் திருப்பினார். ஒரே ஒரு பாகை மேலே போனாலும் சுவரில் 17 சென்டிமீட்டர் ஏறிவிடும்; பிறகு அந்த ஒளி தரையைத் தொடவே தொடாது. பின்இருக்கையில் ஆட்களும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் மூக்கு நிமிரும். ஓட்டுநருக்கு அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் இருப்பது இதற்காகத்தான். சுமை கூடக்கூட எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி எனக்குப் பிடித்தமானது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை ஒளி கூசச் செய்யக்கூடாது; அல்லது ஓட்டுநர் அதைத் தாழ்த்த முடிய வேண்டும் என்கிறது அது. பெயரில்லாத ஒரு மனிதரை எல்லா வண்டிகளுக்கும் முன்னால் சட்டம் நிரந்தரமாக நிறுத்தி வைத்திருக்கிறது. முன்பெல்லாம் தமிழ்நாட்டு வண்டிகளின் விளக்கு நடுவே கறுப்புப் பொட்டு வைப்பார்கள். முரட்டு வைத்தியம்தான், ஆனால் அந்த மனிதரின் நினைவு அதில் இருந்தது.

வெட்கத்துக்கும் கண் கூசுவதற்கும் தமிழில் ‘கூச்சம்’ என்று ஒரே சொல்தான். யோசித்தால் பொருத்தமாகவே இருக்கிறது. விளக்கைத் தாழ்த்தாமல் வருபவர் தன்னிடம் இருக்க வேண்டிய கூச்சத்தை எதிரில் வருபவரின் கண்ணில் வைத்துவிட்டுப் போகிறார். நம் விளக்கின் ஒளி நமக்கு மட்டுமானதன்று. அதன் வலப்பாதி எதிரே வருபவருக்கும், இடப்பாதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பெரியவருக்கும் உரியது.