லாயமும் லயமும்

'என் வீடு' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வருமாறு ஒன்பதாந்தரத்து மாணவர்களைப் பணித்திருந்தேன். ஒருவனுடைய கொப்பியில் முதல் வாக்கியமே இவ்வாறு இருந்தது: 'நாங்கள் லாயத்தில் குடியிருக்கிறோம்.' சிவப்பு மையால் அச்சொல்லின் காலை வெட்டி, 'லயம்' எனத் திருத்தினேன்.

மலையகத்தாருக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. தோட்டங்களில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கு வெள்ளைக்காரன் 'லைன்' என்று பெயரிட்டான். நம்மவர் நாவில் அது லயமாயிற்று. லாயம் என்பதோ குதிரை கட்டும் கொட்டில். ஒரு கால் கூடினால் மனிதனின் இருப்பிடம் விலங்கின் இருப்பிடமாகிவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவனுக்கு இத்தகைய நுணுக்கங்களைப் பிறருக்குச் சுட்டிக்காட்டுவதில் ஒரு தனி இன்பம். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த இன்பத்தோடுதான் கொடுத்தேன்.

அவன் எழுந்து நின்றான். "இல்ல சேர். லாயந்தான் சேர். குதிர லாயம்" என்றான். வகுப்புச் சிரித்தது. என்னை எதிர்த்துப் பேசுகிறான் என்று கொண்டு, உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். பாடசாலைகளில் உடல் தண்டனை ஆகாது என்ற கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நான் அதை அறியாதவன் அல்லன். அறிந்திருந்தும் அடித்தேன். அன்றுமுதல் அந்தப் பையன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. சில நாட்களில் வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

அவனைத் தேடிச் சென்றபோதுதான் அவன் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று கண்டேன். நுவரெலியா நகரை விட்டுச் சற்று விலகி, மரக்கறிப் பாத்திகளுக்கும் தேயிலைக்கும் நடுவே, தகரக் கூரையிட்ட ஒரு குதிரை லாயம். அதன் ஓரத்து அறையில் பையனும் அவன் தாயும் தாய்மாமனும் குடியிருந்தார்கள். தாய்மாமனே லாயத்தை நடத்துபவர். அங்கே நின்ற ஒன்பது குதிரைகளில் ஒன்றுகூட அவருடையதன்று. நகரத்தில் கடையும் தொழிலும் உள்ளவர்களுடைய மட்டக் குதிரைகள் அவை. மாதக் கட்டணம் பெற்று அவற்றைப் பேணிப் பழக்குவது அவருடைய பிழைப்பு.

நுவரெலியாவில் குதிரை என்பது பழைய கதை. கிறகரி வாவி 1873இல் அமைந்தது. பந்தயத் திடல் 1875இல். ஏப்ரல் வசந்த காலத்தில் கொழும்பிலிருந்து வரும் கூட்டம் இன்றும் அவ்விரண்டையும் சுற்றியே திரிகிறது. வாவிக்கரையில் குழந்தைகளைக் குதிரையேற்றிப் படமெடுக்காமல் திரும்பும் குடும்பம் அரிது. கூட்டம் கலைந்தபின் அக்குதிரைகள் என்ன ஆகின்றன என்று கேட்பவர் அதனினும் அரியர். வருமானமற்ற மாதங்களில் தீனி போட மனமில்லாத உடைமையாளர் சிலர் அவற்றை அவிழ்த்து விடுகிறார்கள். அவை மழையிலும் பனியிலும் தெருவோரத்தில் நின்று, குப்பைமேட்டில் பொலித்தீனோடு சேர்த்துப் பழைய சோற்றைத் தின்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றுக்குள் போனது ஆகாத பொருளானால், அது குடலின் வழியே போக வேண்டும். அல்லது குதிரை சாக வேண்டும்.

மாமன் இளமையில் பந்தயக் குதிரைகளிடம் வேலை பழகியவர். அங்கே கற்றது சவுக்கு என்று அவரே சொன்னார். பின்னர் வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் குதிரைக்காரராக இருந்தார். அங்கிருந்த மிருக வைத்தியர் ஒருவரிடமிருந்தே வேறொரு முறையைக் கற்றுக்கொண்டாராம். புத்தகமாக அன்று, கயிறு பிடித்த கையாலேயே கற்றது. அம்முறைக்கு உலகில் இப்போது ஒரு துறையே இருக்கிறது. குதிரை எவ்வாறு கற்கிறது என்று ஆராய்ந்து, அதற்கேற்பப் பழக்குவதை வற்புறுத்தும் பன்னாட்டுக் கழகமொன்று 2007இல் நிறுவப்பட்டது. விலங்குகளுக்கு எழவும் கிடக்கவும் திரும்பவும் உடலைச் சீர்செய்துகொள்ளவும் கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்று 1965இல் பிரித்தானியாவில் பிராம்பெல் குழு எழுதியது பலருக்குத் தெரிந்திருக்கும். பிற்காலத்தில் 'ஐந்து சுதந்திரங்கள்' என்று அது விரிந்தது.

அவருடைய லாயத்தில் நான் முதலில் வியந்தது, குதிரைகள் லாயத்துக்குள் இல்லாமை. சேறு படிந்த ஒரு வேலிக்குள் அவை கூட்டமாக நின்று புல் மென்றுகொண்டிருந்தன. ஒன்றின் கழுத்தை மற்றொன்று பல்லால் சொறிந்துகொண்டிருந்தது. "குதிரை சும்மா நிக்கக் கூடாது சேர். வாய் ஆடிக்கிட்டே இருக்கணும்" என்றார். காரணத்தையும் சொன்னார். குதிரையின் இரைப்பை, உடலை நோக்கச் சிறியது. அதில் அமிலம் ஓயாமல் சுரக்கிறது. மெல்லும்போது மட்டுமே ஊறும் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. தன்போக்கில் மேயவிட்டால் ஒரு நாளில் 16 மணிநேரம்கூட மேயக்கூடிய பிராணி அது. அதை இருளில் தனியே கட்டி, காலையும் மாலையும் ஒரு வாளித் தவிடு வைத்தால் இரைப்பை புண்ணாகிறது. சில குதிரைகள் கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கத் தொடங்குகின்றன; சில நின்ற இடத்தில் தலையை இடமும் வலமும் ஆட்டுகின்றன. 'கெட்ட புத்தி' என்று நாம் பெயரிடுவது பெரும்பாலும் அடைபட்ட வாழ்வின் நோய்.

உடைமையாளர்களுக்கு இது விளங்குவதில்லை. பணம் கொடுத்தும் தன் குதிரை சேற்றில் நிற்கிறதே என்று ஒருவர் வந்து சத்தமிட்டதை நான் பார்த்தேன். மினுங்கும் தோலுக்குத்தான் அவர் கட்டணம் கொடுக்கிறார். இரைப்பையை யார் கண்டார்?

இவ்விடத்தில் மார்க்கோ போலோ நினைவுக்கு வருகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியபோது, ஓர்மசிலிருந்தும் அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் அங்கே இறங்கியதையும், அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மாண்டதையும் அவர் குறித்தார். பேணத் தெரிந்தவர் இல்லை. சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினார்கள் என்கிறார். அதனினும் கொடியது அவர் சொல்லும் மற்றொரு செய்தி. குதிரை வைத்தியம் அறிந்தோர் அந்நாட்டுக்குப் போகாதபடி குதிரை வணிகர்களே தடுத்துவந்தார்களாம். செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் புறப்பட்ட கதையைப் பக்தியோடு கற்பிக்கும் நாம், கரையிறங்கிய குதிரைகள் பின்னர் என்னவாயின என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பரிகளின் மனமறிந்து தேரோட்டிய நளனுடைய கதையையும் அதே வாயால்தான் கற்பிக்கிறோம்.

பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று அவன் என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போனான். மறு வாரம் சென்றபோது, ஒரு சாம்பல்நிறப் பெண்குதிரையைச் சிறு கானொன்றைத் தாண்டப் பழக்கிக்கொண்டிருந்தான். அது தண்ணீரைக் கண்டால் பின்வாங்கும். குதிரைக்கு நெற்றியின் நேர்முன்னும் வாலின் நேர்பின்னும் சிறிது இடம் பார்வைக்கு எட்டாது. காலடித் தண்ணீர் அதற்கு ஆழமறியா இருள். பையன் கயிற்றை இலேசாக முன்னே இழுத்துப் பிடித்தான். வேறொன்றும் செய்யவில்லை. குதிரை தலையை உதறியது. அவன் பிடி மாறவில்லை. பிறகு அது ஒரு காலை ஒரு சாண் முன்வைத்தது. அந்தக் கணமே கயிறு தளர்ந்தது. சற்று ஓய்வு. கழுத்தைச் சொறிந்துவிட்டான். மீண்டும் இலேசான இழுப்பு. கால் மணிநேரத்தில் அது கானைத் தாண்டி நின்றது.

"சேர், நீங்க செஞ்சு பாருங்களேன்" என்று மாமன் கயிற்றை என் கையில் தந்தார். நான் இழுத்தேன். குதிரை ஓரடி வந்தது. இணங்குகிறது என்று மகிழ்ந்து மேலும் இழுத்தேன். அது நின்றது, பின் பலத்தோடு பின்வாங்கியது. "சேர், அவ வந்துட்டா சேர். விடுங்க!" என்று பையன் கூவினான். பல நாட்களுக்குப் பின் அவன் என்னோடு பேசிய முதற் சொற்கள் அவை.

அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் வழிவந்தவர்கள் இதைத் தெளிவாகப் பிரித்துரைப்பர். அழுத்தம் கற்பிப்பதில்லை, அழுத்தம் நீங்குவதே கற்பிக்கிறது. சரியான செயலுக்கும் விடுதலைக்கும் இடையே சில நொடிகள் கழிந்தாலும், எதற்காக விடுபட்டோம் என்பது விலங்குக்கு விளங்காது. விடாமலே இழுத்துக்கொண்டிருந்தால் அது இரண்டிலொன்றாகும்: எதிர்த்து நிற்கும், அல்லது எதைச் செய்தும் பயனில்லை என்று மரத்துப்போகும். மரத்துப்போனதைக் கண்டு 'நன்றாகப் பழகிவிட்டது' என்று நாம் மெச்சுவோம். என் வகுப்பில் கடைசி வாங்குகளில் நல்ல பிள்ளைகள் என்று பெயரெடுத்து அமைதியாக இருக்கும் சிலரை அன்று மாலை முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சவுக்கு ஒன்றுமே கற்பிக்காது என்று சொல்லமாட்டேன். யாரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதை அது மிக விரைவில் கற்பித்துவிடும்.

பெர்லின் நகரத்து ஹான்ஸ் என்னும் குதிரையின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன்; அதன் உரிமையாளர் வில்லெம் ஃபொன் ஓஸ்டன் என்னைப்போல் ஒரு பாடசாலை ஆசிரியராக இருந்தவர். கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும் குதிரை அது. 1904இல் ஒரு குழு ஆராய்ந்து, இதில் ஏமாற்று ஒன்றுமில்லை என்றது. பின்னர் ஒஸ்கர் ஃபுங்ஸ்ட் நுணுகி ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் மயிரிழை அசைந்தது. அதைப் பார்த்தே குதிரை தட்டுவதை நிறுத்தியது. கணக்கு அறியாத குதிரை மனிதன் முகத்தை அறிந்திருந்தது. என் மாணவர் பலர் இலக்கண விடைகளை இப்படித்தான் தட்டுகிறார்கள். கேள்வி கேட்டுவிட்டுச் சன்னலைப் பார்த்து நிற்கும் பழக்கம் எனக்கு இப்போது வந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் ஆசிரியர் அறையில் சொன்னபோது நண்பர் ஒருவர் சினந்தார். "மனுஷனுக்கே இங்க லயத்துல கதியில்ல. நீங்க குதிரைக்கு வக்காலத்து வாங்குறீங்க" என்றார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. என் தந்தையின் பாட்டனார் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் குதிரைக்காரராக இருந்தவர். துரை ஏறிச் செல்லும் குதிரைக்குப் பின்னால் மலைப்பாதையில் ஓடுவதும், துரை இறங்கியதும் கடிவாளத்தைப் பிடித்து நிற்பதும் அவர் வேலை. குதிரை நின்ற கொட்டிலுக்குப் பலகைத் தளம் இருந்ததென்றும், தாம் பிள்ளைகளோடு படுத்த லயத்துக்கு மண் தரையே என்றும் அவர் சொல்லி வந்ததாக எங்கள் குடும்பத்தில் பேச்சு. துரையின் குதிரையை நேசித்த அவரே, அக்குதிரையின்மீது பொறாமையும் கொண்டிருக்கக்கூடும்.

மாமனிடம் நண்பரின் கேள்வியை மறைக்காமல் வைத்தேன். அவர் சிரித்தார். "ஒரு குதிரைக்குப் பன்னெண்டுக்குப் பன்னெண்டு அடி இடம் வேணும்னு புத்தகத்துல போட்டிருக்கு சேர். நம்ம லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னெண்டு. அதுல ஆறு பேரு. நமக்கு எந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்கு?" என்றார். பிறகு, "அதுக்காகக் குதிரைய ஏன் சேர் அடிக்கணும்? அதுவா நம்மள லயத்துல போட்டுச்சு?" என்றார்.

வாவிக்கரையில் கடிவாளம் பிடித்து ஓடும் இளைஞர்களுள் பலர் குதிரைக்கு உரியவர் அல்லர். நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என்று உடைமையாளரிடம் கட்டிவிட்டு, எஞ்சியதைத் தாம் எடுத்துக்கொள்பவர்கள். குதிரையின் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றலாகாது என்பது பலரும் ஒப்பும் அளவு. இருநூறு கிலோ மட்டக் குதிரையில் எண்பது கிலோ மனிதர் ஏற விரும்பினால், முடியாது என்று சொல்ல அந்த இளைஞனுக்கு வகையில்லை. அவன் கையில் இருக்கும் சவுக்கின் மறுமுனை வேறொருவர் கையில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் வண்டிக்காரனையும் குதிரைக்காரனையும் தேடிப் பிடிக்க எழுதப்பட்டதுபோலவே எனக்குத் தோன்றுகிறது. நாள்வாடகை வாங்குபவன் அதன் கண்ணில் படுவதில்லை.

சென்ற ஏப்ரலில் மாமன் ஒரு நிபந்தனை விதித்தார். தம்மிடம் உள்ள குதிரைகள் நாளில் நான்கு மணிநேரத்துக்கு மேல் வாவிக்கரைக்குப் போகா. நடுவே புல்லும் ஓய்வும் வேண்டும். பணம் கொழிக்கும் மாதத்தில் இப்படிச் சொல்வதா என்று மூன்று குதிரைகளை உடைமையாளர்கள் அவிழ்த்துப் போனார்கள். அவற்றுள் அந்தச் சாம்பல்நிறப் பெண்குதிரையும் ஒன்று. ஒன்பது ஆறாயிற்று, வருமானத்தில் மூன்றிலொன்று போயிற்று. பையனுடைய தாய் தம்பியைக் கடிந்துகொண்டார். கொழுந்து பறித்துத் தாம் கொண்டுவருவதில் வீட்டையும் குதிரையையும் சேர்த்துக் காப்பதா என்று கேட்டார். அக்கேள்விக்கு மாமனிடம் விடையில்லை. என்னிடமும் இல்லை.

பையன் மீண்டும் பாடசாலைக்கு வருகிறான். பிரம்பு இப்போது என் மேசையில் இல்லை. அதனால் வகுப்பில் இரைச்சல் கூடியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் கொப்பியை வாங்கி, நான் வெட்டிய காலை என் கையாலேயே திரும்ப எழுதினேன். அவன் அதைப் பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாமன் என்னை அழைத்து, உடைமையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதித்தரக் கேட்டார். தமிழிலும் சிங்களத்திலும் வேண்டுமாம். எத்தனை மணிநேரம் புல், எத்தனை கிலோ சுமை, எத்தனை மணிநேர வேலை, எந்த நாளில் கட்டணம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தமிழ்ப் பிரதியில் 'தயைகூர்ந்து' என்று நான் தொடங்கியிருந்ததை மட்டும் அடிக்கச் சொன்னார். சிங்களப் பிரதியைப் பையன் எழுதுகிறான். அவனுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும்.