நூலகத்தில் ஒரு பன்மொழி மாலை

பணிமாறுதலில் சுள்ளிக்கல்லுக்கு வந்த புதிதில், மட்டாஞ்சேரித் தெருக்கள் எனக்குப் பெருவியப்பாக இருந்தன. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனச் சில நூறடித் தொலைவுக்குள் பேச்சு மாறிக்கொண்டே வரும். 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடமும் இங்கேதான் உள்ளது.

மாணவர்களே, ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள் என்பதை அறிவீர்கள். 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டிய பி. என். பணிக்கரின் நினைவு நாள் அது. அந்நாளையொட்டி எங்கள் பகுதி நூலகம் ஒன்று பல சமூகத்தாரும் கூடும் நிகழ்ச்சிக்குத் திட்டமிட்டது. தமிழுக்காக என்னையும் அழைத்தனர்.

மொழிக்கு ஒரு நடனம், ஒரு பலகாரம் என முதற்கூட்டம் விரைவில் முடிந்தது. (பலகாரம் என்றதும் அனைவரும் நிமிர்ந்து அமர்ந்தனர்.) ஆனால், கதிரவன் மறைந்தபின் உண்ணாத சமணக் குடும்பங்களுக்கு இரவு ஏழு மணிச் சிற்றுண்டியால் என்ன பயன்? கிழங்கையும் அவர்கள் விலக்குவர். எங்கள் பட்டியலில் இருந்ததோ உருளைக்கிழங்கு போண்டா! நிகழ்ச்சி நான்கு மணிக்கு மாறியது, போண்டா சுண்டலாயிற்று.

தமிழர் பங்குதான் என்னை உறங்கவிடவில்லை. ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள சலவைக் கூடத்தை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள். தலைமுறைகளாக அங்கே தமிழ்க் குடும்பங்கள் உழைக்கின்றன. கஞ்சி போட்ட துணியைக் கவ்வி எதுவுமின்றி, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் செருகி உலர்த்துவது அவர்கள் கைத்திறன். அவர்தம் பிள்ளைகளைத் துணி துவைப்பதுபோல் மேடையில் ஆடச்செய்யலாம் என்றார் ஒருவர். அவர் தீய எண்ணத்துடன் கூறவில்லை. எனினும், சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட தொழில் அது. உரியவர்களைக் கேளாமல் முடிவெடுக்கலாகாது என்றேன்.

மறுநாள் நூலகரும் நானும் சென்று கேட்டோம். ஒரு மூதாட்டி தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைக்காமலே மறுத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் ஆடவேண்டாம், வேண்டுமானால் தாம் கதை சொல்வதாகக் கூறினார். அதனை மலையாளத்தில் பெயர்த்துரைக்க ஏழாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஒப்புக்கொண்டாள்.

யூதர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்களைப்போல் உடையணிந்து எவரும் நடிக்கவேண்டாம் என முடிவுசெய்து, அவர்களைப் பற்றிய நூல்களை மட்டும் மேசைமேல் வைத்தோம்.

அன்று மூதாட்டியின் கதைக்குத்தான் கூட்டம் அசையாமல் இருந்தது. அடுத்த வாரமும் பாட்டி வருவாரா என்று கொங்கணிச் சிறுவன் ஒருவன் நூலகரிடம் கேட்டான். ஞாயிறன்று தேய்த்த துணிகளைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதால், சனிக்கிழமை மாலை வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.